பாவனையும் தெளிவுக் கனவும்

கனவிலே, இறந்துபோன பாட்டனார் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போடுகின்றார். நாமும் அருகிருந்து அவரோடு பேசுகின்றோம். வீட்டின் பின்புறத்துக் கதவைத் திறந்தால் அங்கே கல்லூரி மண்டபம் தோன்றுகின்றது. ஐந்து வயதிற் பழகிய தோழனும் நாற்பது வயதிற் பழகிய நண்பனும் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். இவற்றுள் எதுவும் அவ்வேளையில் நமக்கு வியப்பளிப்பதில்லை. விழித்தெழுந்த பின்னரே, "இஃதென்ன விந்தை!" என்கின்றோம். நனவிலே மேசைமேலிருந்த புத்தகம் இடம் மாறியிருப்பினும் உடனே கண்டுகொள்ளும் அறிவு, கனவிலே ஊரே மாறியிருப்பினும் வாளா இருப்பது ஏன்?

ஒரோவொருகாற் சிலர்க்கு இவ்வறியாமை நீங்குதலுமுண்டு. கனவு நடந்துகொண்டிருக்கும்பொழுதே, "யான் உறங்குகின்றேன், காண்பது கனவு" என்னும் உணர்வு அவர்க்கு உண்டாகின்றது. உண்டாகியும் உறக்கம் கலைவதில்லை. கனவுக் காட்சியும் மறைவதில்லை. இத்தகைய கனவினைத் தெளிவுக் கனவு என இக்கட்டுரையில் வழங்குவோம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2016 இல் வெளிவந்த கணிப்பொன்று, வாழ்நாளில் ஒருமுறையேனும் இதனைக் கண்டோர் ஏறத்தாழ 55 வீதத்தினர் என்றும், திங்களுக்கு ஒருமுறையேனும் காண்போர் ஏறத்தாழ 23 வீதத்தினர் என்றும் கூறுகின்றது. ஆகவே இது சித்தர்க்கும் யோகியர்க்குமே உரிய அரும்பேறு எனக் கருதவேண்டியதில்லை. இதனைப் படிப்போருட் பலர் தம் அனுபவத்திலேயே இதனை அறிந்திருத்தல் கூடும்.

தானாக வாய்க்கும் இவ்வனுபவத்தை முயற்சியால் வருவித்தல் கூடுமா என்பதே இங்கு ஆராயப்படுவது. கூடும் என்றும், அதற்குரிய வழிகளுள் ஒன்று உறங்குமுன் செய்யும் பாவனை என்றும் இத்துறை வல்லோர் கூறுவர். பாவனையாவது, கண்முன் இல்லாத ஒன்றை உள்ளத்தே உருவாக்கி அதன்கட் கருத்தை நிறுத்துதல். அப்பாவனை கனவினுள் எவ்வாறு தொழிற்படுகின்றது, அதன் பயன் யாது, எல்லை யாது என்பவற்றை முறையே நோக்குவோம்.

மேனாட்டிலே இத்துறையை முறைப்பட ஆராய்ந்தோருள் முதற்கண் வைத்தெண்ணத்தக்கவர் பிரான்சு தேசத்து எர்வே த சான் தெனி (1822-1892) என்பவர். இவர் சீன மொழியில் வல்லவர். பாரிசு நகரத்துக் கொலேஜ் த பிரான்சு என்னும் உயர்கல்விக் கழகத்திற் சீன மொழிப் பேராசிரியராக விளங்கியவர். இளம்பருவத்திலேயே தாம் கண்ட கனவுகளை நாடோறும் எழுதிவைக்கத் தொடங்கினார். அக்குறிப்புகளின் பயனாக, கனவுகளும் அவற்றை நடத்தும் வழிகளும் என்னும் பொருள்படும் தலைப்புடைய நூலொன்றை 1867 இல் தம் பெயர் குறியாது வெளியிட்டார். அந்நூலிற் கூறப்படும் சோதனையொன்று நம் ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்புடையது. அவர் விவரே என்னும் மலைநாட்டிற்குச் சென்று தங்கியகாலத்திற் புதியதொரு வாசனைத் திரவியத்தை நாடோறும் முகர்ந்துவந்தார். ஊர் திரும்பியதும் அதனை மூடிவைத்துவிட்டார். பன்னாட் கழிந்தபின், தாம் அறியாத ஓரிரவிலே, தாம் உறங்கும்போது அத்திரவியத்திற் சில துளிகளைத் தலையணையில் இடுமாறு ஏவலாளனைப் பணித்தார். அவ்வாறு இட்ட இரவில் விவரேயின் மலைகளே அவர் கனவில் தோன்றின. நனவில் ஒன்றோடொன்று பிணைத்துவைக்கப்பட்டவை கனவிலும் பிணைந்தே வருகின்றன என்பது இதனாற் புலனாயிற்று. பாவனை முறைகளுக்கெல்லாம் இப்பிணைப்பே அடிப்படை என்பதைப் பின்னர்க் காண்போம்.

அவருக்குப்பின் வந்தவர் ஒல்லாந்து தேசத்து மருத்துவரும் எழுத்தாளருமாகிய பிரதெரிக் வான் ஏடன் (1860-1932). மகாகவி தாகூரின் கீதாஞ்சலியை ஒல்லாந்து மொழியில் ஆக்கியவரும் இவரே. இவர் 1913 இல் இலண்டனிலிருந்த உளவாராய்ச்சிச் சங்கத்தின் ஏட்டில் வெளியிட்ட கட்டுரையே தெளிவுக் கனவு என்னும் வழக்கை ஆங்கிலத்தில் நிலைபெறச் செய்தது. 1898 தொடக்கம் 1912 வரை தாம் கண்ட தெளிவுக் கனவுகள் 352 என அவர் அதிற் கணக்குக் கூறியுள்ளார். ஒரு கனவில், தாம் காண்பது கனவே என அறிந்துகொண்டு, சோதித்தற்பொருட்டு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கைமுட்டியால் ஓங்கிக் குத்தினார். கிண்ணம் உடையவில்லை. சிறிது நேரங் கழித்து மீளப் பார்த்தபோது அஃது உடைந்துகிடந்தது! நாடக மேடையிலே தன் முறை வந்ததை மறந்து பிந்திவந்த நடிகனைப் போன்றது அக்கிண்ணத்தின் செய்கை என அவர் நகையாடுகின்றார். கனவுலகம் நனவுலகத்தைப் போல நடிக்கின்றது. ஆனால் இடையிடையே தவறிவிடுகின்றது. அத்தவறுகளைக் கண்டுகொள்வதே தெளிவுக்கு வாயில் என்பதை இந்நிகழ்ச்சி நன்கு காட்டுகின்றது.

ஆயினும் இவையெல்லாம் கனவு கண்டவரின் வாய்மொழியேயாம். விழித்தபின் ஒருவர் கூறுவதை எவ்வாறு நம்புவது? ஒரு கணம் விழித்து மீண்டும் உறங்கியவர், விழித்த கணத்தின் அறிவைக் கனவின் அறிவு என மயங்கியிருத்தல் கூடாதா? இவ்வையம் நெடுங்காலம் தீராதிருந்தது. அது தீர்ந்த வரலாறு விஞ்ஞானத்தின் நுண்மையைக் காட்டும் அழகிய வரலாறாகும்.

1953 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்து அசெரின்ஸ்கி, கிளெயிற்மன் என்னும் இருவர், உறங்குவோரின் விழிகள் சிற்சில வேளைகளில் இமையின்கீழ் விரைந்து அசைகின்றன என்பதையும், அவ்வேளைகளில் எழுப்பப்பட்டோர் பெரும்பாலும் கனவு கண்டதாகக் கூறுகின்றனர் என்பதையும் வெளியிட்டனர். இதனை விழியசையுறக்கம் எனலாம். ஓரிரவில் இஃது ஏறத்தாழத் தொண்ணூறு நிமிடங்களுக்கு ஒருமுறை வருகின்றது; விடியலை அணுக அணுக நீள்கின்றது. இவ்வுறக்கத்தில் உடற்றசைகள் பெரும்பாலும் செயலற்றுக் கிடக்கும். விழிகளை அசைக்குந் தசைகளோ செயற்படும். இவ்வேறுபாட்டைப் பயன்படுத்தியவர் இங்கிலாந்திலே ஹல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த கீத் ஹேர்ன் என்பவர். தெளிவுக் கனவு காணும் பழக்கமுள்ள அலன் வேர்ஸ்லி என்பவரிடம், கனவில் தெளிவு வந்ததும் விழிகளை இடமும் வலமுமாக முன்னரே குறித்த முறைப்படி அசைக்குமாறு அவர் கூறிவைத்தார். 1975 ஏப்பிரல் 12 ஆந் திகதி காலையில், வேர்ஸ்லி உறங்கிக்கொண்டிருக்கையிலேயே அவ்வடையாளம் கருவியிற் பதிவாயிற்று. இவரை அறியாமலே அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீபன் லபேர்ஜ் என்பாரும் இம்முறையைக் கையாண்டு தம் முடிபுகளை 1981 இல் வெளியிட்டார். 2021 இல் நான்கு நாடுகளின் ஆய்வுகூடங்கள் சேர்ந்து 36 பேரைக்கொண்டு நடத்திய ஆய்வு இன்னும் ஒருபடி மேற்சென்றது. உறங்குவோரிடம் எட்டில் ஆறு போக மிச்சம் எத்தனை என்பது போன்ற எளிய கணக்குகள் கேட்கப்பட்டன. சிலர் கனவிலிருந்தவாறே விழியசைவால் இரண்டு எனச் சரியாக விடையிறுத்தனர். தெளிவுக் கனவு உண்மையான நிகழ்ச்சி என்பதில் இனி ஐயமில்லை.

நிற்க. இனி இதனை எய்தும் வழிகளைப் பார்ப்போம். அவை இருதிறப்படும். நனவினின்று அறிவு அறாதவாறே கனவினுட் புகுதல் ஒன்று. கனவு தொடங்கியபின் அதனுள்ளே விழிப்புறுதல் மற்றொன்று. இரண்டிற்கும் பாவனை துணையாகின்றது. ஆயின் அது செய்யும் பணி வெவ்வேறு.

முதலாவது வழி வருமாறு. உறக்கம் வருந்தறுவாயிற் கண்களை மூடியவர்க்கு முகங்களும் பூக்களும் நிலக்காட்சிகளும் கணநேரந் தோன்றி மறைதல் யாவரும் அறிந்ததே. பிரெஞ்சு அறிஞர் அல்பிரெட் மோரி என்பார் 1848 இலேயே இக்காட்சிகளுக்கு உறக்கத்திற்கு இட்டுச்செல்பவை என்னும் பொருளுடைய பெயரொன்றை இட்டார். இவற்றைப் பற்றிக்கொள்ளாமலும் விலக்காமலும் சான்றுபோல் நின்று நோக்கின், அவை மெல்ல மெல்ல இடமும் ஆழமும் பெற்று முழுக் கனவாக விரியும். நோக்குபவனும் அதனுள் நிற்பான். திபெத்து நாட்டுப் பௌத்தர்கள் இதனை யோகமாகவே வளர்த்தனர். பதினோராம் நூற்றாண்டினராகிய நாரோபா என்னும் இந்தியச் சித்தரின் பெயரால் வழங்கும் ஆறு யோகங்களுள் கனவு யோகமும் ஒன்று. பகலெல்லாம் காண்பவை யாவும் கனவே எனப் பாவித்தலும், இரவில் உறங்கும்போது கண்டத்திலே தாமரையொன்றையும் அதன்மேற் செந்நிற எழுத்தொன்றையும் பாவித்தலும் அதன் சாதனங்களாம்.

அப்பாவனைக்குக் கண்டம் இடமாயினமை நம்மவர் கருத்திற் பதியவேண்டியது. பிரம்மோபநிடதம் நனவின் தானம் கண் என்றும், கனவின் தானம் கண்டம் என்றும், உறக்கத்தின் தானம் இதயம் என்றும் வகுக்கின்றது. சைவசித்தாந்தமும் சாக்கிரத்திற்குப் புருவநடுவையும், சொப்பனத்திற்குக் கண்டத்தையும், சுழுத்திக்கு இதயத்தையும் தானமாகக் கூறும். சமயத்தால் வேறுபட்ட இம்மரபுகள் கனவின் தானத்தை ஒன்றாகவே கொண்டமை பாரதநாட்டுப் பழைய யோகக் கொள்கையொன்று இவற்றுக்குப் பொதுவாயிருந்தமையைக் காட்டுகின்றது. பதஞ்சலியாரின் யோக சூத்திரமும் முதற்பாதத்து 38 ஆஞ் சூத்திரத்தில், கனவிலும் உறக்கத்திலும் பெறும் அறிவைத் தியானத்திற்குப் பற்றுக்கோடாகக் கொள்ளலாம் என்கின்றது.

ஆயினும் இம்முதல்வழி எளிதன்று. பாவனையில் முயற்சி மிகின் உறக்கம் வராது. முயற்சி தளரின் அறிவு அழுந்திவிடும். நூலின்மேல் நடப்பவனைப்போல இரண்டிற்கும் நடுவே செல்லல் வேண்டும். முதலில் முயல்வோர் பெரும்பாலும் விழித்தே கிடப்பர். அல்லது உறங்கியே போவர்.

இரண்டாவது வழி இல்லறத்தார்க்கும் மாணாக்கர்க்கும் ஏற்றது. லபேர்ஜ் என்பார் 1980 இல் வெளியிட்ட முறை இது. நினைவின் துணையால் தெளிவுக் கனவை வருவித்தல் என்பது அதன் பெயரின் பொருள். அம்முறை வருமாறு: நான்கைந்து மணி நேரம் உறங்கியபின், விடியற்பொழுதிற் கனவொன்றினின்று விழித்தவுடன், அசையாது கிடந்தவாறே அக்கனவை முதலிலிருந்து இறுதிவரை நினைவுகூர்தல் வேண்டும். பின்னர் மீண்டும் உறங்கப் புகும்போது, அடுத்த முறை கனவு காண்கையில் இது கனவு என்பதை மறவாது உணர்வேன் என உள்ளத்தில் உறுதிகொள்ளல் வேண்டும். அடுத்து வருவதே பாவனை. சற்றுமுன் கண்ட கனவினுள் மீண்டும் நிற்பதாகப் பாவித்து, அதிலே நனவிற்கு ஒவ்வாததோர் அடையாளத்தைக் கண்டு, இது கனவு எனத் தாம் உணர்வதாகக் காணல் வேண்டும். முன்னர்க் கூறிய பாட்டனார் கனவை எடுத்துக்கொள்வோம். திண்ணையில் அவர் அமர்ந்திருக்கின்றார், வெற்றிலை மணக்கின்றது, அவர் முகத்தைப் பார்க்கின்றோம், பார்த்த கணத்திலே, "பாட்டனார் மறைந்து ஆண்டுகள் பல, ஆகவே இது கனவு" என உணர்கின்றோம். இக்காட்சியை உறக்கம் வரும்வரை மீண்டும் மீண்டும் உள்ளத்தில் நடத்துதல் வேண்டும்.

இங்கே பாவனை செய்யும் பணி யாது? பலர் எண்ணுவது, படத்தை உள்ளத்தில் நன்கு எழுதிவைத்தால் அப்படமே கனவாக வரும் என்பது. சிற்சில வேளைகளில் அவ்வாறு வருதலும் உண்டு. ஆயினும் இம்முறையின் உயிர்நிலை அதுவன்று. ஓர் எளிய நிகழ்ச்சியைக்கொண்டு இதனை விளக்கலாம். மாலையில் வீடு திரும்பும்போது மருந்து வாங்கவேண்டும் எனக் காலையில் நினைக்கின்றோம். வாளா நினைத்தவர் மறந்து வீடு சேர்வர். மருந்துக்கடையின் பெயர்ப்பலகையையும், அதனைக் கண்டதும் தாம் சைக்கிளை நிறுத்துவதையும் காலையிலேயே உள்ளத்திற் கண்டவரோ, மாலையில் அப்பலகை எதிர்ப்பட்டவுடன் நிற்பர். அவர் நாள் முழுவதும் மருந்தையே எண்ணிக்கொண்டிருந்தாரல்லர். பலகைக்கும் செயலுக்கும் இடையே முன்னரே ஒரு முடிச்சு இடப்பட்டிருந்தது. பலகை வந்ததும் முடிச்சு இழுபட்டது. தெளிவுக் கனவிற்குரிய பாவனையும் இத்தகையதே. கனவிற்குரிய அடையாளத்திற்கும், இது கனவு என்னும் அறிவிற்கும் இடையே அது முடிச்சிடுகின்றது. சான் தெனியின் தலையணையில் வாசனை செய்த வேலையை இங்கே பாட்டனாரின் முகம் செய்கின்றது. ஆகவே பாவனை என்பது இங்கே படம் வரைதலினும் நினைவைப் பயிற்றுதலே எனல் பொருந்தும்.

இக்கருத்திற்கு ஆய்வுச் சான்றுகளும் உள. அக்காட்சி எத்துணை விளக்கமாயினும் பாவனை வேறு, கனவு வேறு என்பது முதற்சான்று. 2018 இல் லபேர்ஜும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், நகரும் பொருளொன்றை விழியால் தொடருமாறு மூன்று நிலைகளிற் சோதனை நடந்தது. நனவிற் கண்ணாற் காணும்போது விழி வழுக்கிச் செல்வதுபோல ஒரே சீராகத் தொடர்ந்தது. தெளிவுக் கனவிலும் அவ்வாறே தொடர்ந்தது. கண்ணை மூடிப் பாவிக்கும்போதோ அது விட்டுவிட்டுத் தாவிச் சென்றது. கனவுக் காட்சி பாவனையைவிடப் புலக்காட்சிக்கே அண்மையது என்பது இதனாற் பெறப்படும். உள்ளத்திற் படம் எழாதவர்க்கும் கனவு உண்டு என்பது இரண்டாஞ் சான்று. விரும்பியவாறு உள்ளத்தில் உருவங் காணும் ஆற்றல் எல்லார்க்கும் ஒன்றன்று என்பதைக் கால்ற்றன் என்னும் அறிஞர் 1880 இலேயே காட்டினார். அவ்வாற்றல் அற்றோ மிகக் குறைந்தோ இருந்த 21 பேரைப் பற்றி மருத்துவர் அடம் சீமனும் பிறரும் 2015 இல் எழுதினர். அவருள் 17 பேர் தம் கனவில் உருவங் காண்பதாகக் கூறினர். எனவே, "எனக்குக் கண்ணை மூடினால் இருளே தெரிகின்றது, பாவனை கைவராது" என ஒருவர் சோர்வடையவேண்டியதில்லை. அவர் கனவின் நிகழ்ச்சியைச் சொல்லாலும் உணர்வாலும் நினைந்து அதே முடிச்சை இடலாம்.

அம்முடிச்சு எத்துணை அளவிற்குப் பயன்தருகின்றது? அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் அஸ்பி என்பார் 2017 இல் வெளியிட்ட ஆய்வில், பகலில் நனவா கனவா எனச் சோதித்தல், ஐந்து மணிநேர உறக்கத்தின்பின் சிறிது விழித்தல், மேற்கூறிய நினைவுமுறை ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்தோர் ஒருவாரப் பயிற்சியில் ஏறத்தாழ 17 வீதமான முயற்சிகளில் வெற்றிபெற்றனர். பாவனையை முடித்து ஐந்து நிமிடத்துள் உறங்கிவிட்டவர்களிடத்து அவ்வளவு 46 வீதமாக உயர்ந்தது. நினைவு பசுமையாயிருக்கும்போதே உறக்கம் அதனைத் தொடர்ந்து வந்தால் முடிச்சு அவிழாதிருக்கின்றது போலும். இவ்வெண்கள் ஊக்கந்தருவன, ஆயினும் ஆறு முயற்சிகளுக்கு ஐந்து வீணாயின என்பதையும் அவை மறைக்கவில்லை.

இனி நம் சமய நூல்களை நோக்குவோம். ஆன்மா சாக்கிரத்தில் முப்பத்தைந்து கருவிகளோடும், சொப்பனத்தில் இருபத்தைந்து கருவிகளோடும், சுழுத்தியில் மூன்று கருவிகளோடும் கூடிநிற்கும் என்பது சித்தாந்தம். சொப்பனத்திற் கழிவன ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்துமாகிய பத்து. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கும் கனவிலும் உடன்நிற்கின்றன. அங்ஙனமாயின் கனவிலே நிச்சயிக்கும் கருவியாகிய புத்தி இல்லாமற் போகவில்லை. அதனை ஏவும் நினைவே இல்லை எனலாம். பாவனையின் ஆற்றலும் நம் நூல்களுக்குப் புதிதன்று. விடந்தீர்க்கும் மாந்திரிகன் கருடனைப் பாவித்து நோக்க விடம் நீங்குதலைச் சிவஞானசித்தியார் உவமையாக எடுத்தாளுகின்றது. எதனைச் சார்ந்து நிற்கின்றதோ அதன் தன்மையாதல் ஆன்மாவின் இயல்பு என்பதே அங்குக் கருத்து.

ஆயின் ஈண்டொரு எச்சரிக்கை வேண்டும். மேனாட்டார் இன்று கண்டவற்றையெல்லாம் நம் முன்னோர் அன்றே கூறினர் எனப் பெருமை பேசுதல் நம்மிடையே ஒரு வழக்காகிவிட்டது. அவத்தைகளைச் சித்தாந்தம் ஆராய்ந்தது கனவை ஆளும் வித்தை கற்பித்தற்கன்று. கருவிகள் கூடியபோது அறிந்தும் கழிந்தபோது அறியாதும் நிற்கும் ஆன்மா தானே அறியும் பொருளன்று. அறிவிக்க ஒருவன் வேண்டும் என நிறுவுதற்கே அஃது எழுந்தது. தெளிவுக் கனவைத் துரியம் எனக் கூறுவாரும் உளர், அது பொருந்தாது. துரியத்தில் நிற்பன பிராணனும் புருடனுமாகிய இரண்டே. கிண்ணத்தைக் குத்திப்பார்ப்பதற்கும் கணக்கிற்கு விடையிறுப்பதற்கும் அந்தக்கரணங்கள் யாவும் வேண்டும். ஆகவே தெளிவுக் கனவைச் சொப்பனத்திற் சாக்கிரம் என வேண்டுமாயின் அழைக்கலாம். அதற்குமேல் ஏற்றுதல் இரண்டு துறைகளுக்கும் இழுக்காம்.

இவ்வாற்றலாற் பயன் யாது? கனவிற் பறத்தலும் விரும்பிய இடஞ் சேர்தலும் சிலர்க்கு மகிழ்ச்சி தரலாம். மெய்யான பயன் துர்க்கனவால் வருந்துவோர்க்கே உரியது. போரும் கடற்கோளும் கண்ட இந்நாட்டில் அத்தகையோர் நம் வீடுகளிலும் வகுப்புகளிலும் உளர். துர்க்கனவொன்றின் முடிவைப் பகலில் தாமே மாற்றியமைத்து, மாற்றிய கனவை நாடோறும் சில நிமிடம் பாவித்தல் என்னும் மருத்துவமுறை ஒன்றுண்டு. பரி குராக்கோ என்பாரும் பிறரும் வன்செயலுக்குட்பட்ட 168 பெண்களைக்கொண்டு நடத்தி 2001 இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வாறு செய்தோரின் துர்க்கனவுகள் குறைந்து உறக்கமும் நலமடைந்தது. ஒல்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் தெளிவுக் கனவுப் பயிற்சியைத் துர்க்கனவுடையோர் 23 பேரிடம் சோதித்து 2006 இல் வெளியிட்ட சிற்றாய்விலும் துர்க்கனவுகள் குறைந்தன. அதிலே கருதத்தக்கது, கனவில் தெளிவு எய்தாதோர்க்கும் பயன் கிட்டியமையேயாம். அஞ்சியதை மீண்டும் எதிர்நோக்கி, அதன்முன் தான் வேறு வகையாக நிற்பதாகப் பாவித்த அளவிலேயே அச்சத்தின் வலி குறைந்தது போலும்.

இதனை எழுதுவோனின் அனுபவத்தையும் ஈண்டுக் குறித்தல் தவறாகாது. ஆசிரியத் தொழில் புரிந்துகொண்டே வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்குப் படித்த ஆண்டுகளில் இவனுக்கு ஒரு கனவு தொடங்கிற்று. பரீட்சை மண்டபத்திலே வினாத்தாள் எதிரே கிடக்கும். எழுத்துகள் எவையும் விளங்கா. மேற்பார்வையாளர் நேரம் முடிந்தது என்பார். பட்டம் கிடைத்து ஆண்டுகள் பல சென்றும் அக்கனவு விடவில்லை. திங்களுக்கு ஒருமுறையேனும் வியர்த்து எழச்செய்யும். மேற்கூறிய முறையை ஏறத்தாழ மூன்று திங்கள், பாடசாலை விடுமுறை நாள்களிலும் வார இறுதியிலும் மட்டும் பயின்றதில், தெளிவு இரண்டு முறையே வாய்த்தது. முதன்முறை, இது கனவு என்னும் மகிழ்ச்சியாலேயே விழிப்பு வந்துவிட்டது. இரண்டாம் முறை, வினாத்தாளைப் பார்த்துக் கண்ணை விலக்கி மீளப் பார்த்தபோது வினாக்கள் மாறியிருந்தன. "பட்டம் பெற்றாயிற்று, இது கனவு" என்னும் எண்ணம் எழுந்தது. பேனாவை மூடிவைத்து எழுந்து வெளியே நடந்தான். முற்றத்தில் வெயில் எறித்துக்கொண்டிருந்தது. அவ்வளவே கனவு. அதன்பின்னும் அப்பரீட்சை மண்டபம் சிலமுறை வந்ததுண்டு. பழைய நடுக்கம் வந்ததில்லை. ஒருவனின் அனுபவம் சான்றாகாது என்பதை அறிந்தே இது கூறப்பட்டது.

முயல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள் கூறி முடிப்போம். முதலாவதாகத் தலைமாட்டில் ஒரு குறிப்பேடும் பென்சிலும் வைத்து, விழித்தவுடன் கனவை எழுதிப் பழகுதல் வேண்டும்; கண்ட கனவே நினைவில் நில்லாதவர் அதில் அடையாளம் தேடுதல் இயலாது. இரண்டு மூன்று வாரம் எழுதியபின் படித்தால், மறைந்த உறவினர், பழைய வீடு, தவறவிட்ட பஸ் என மீண்டும் மீண்டும் வருவன இவை எனத் தெரியவரும். அவற்றுள் ஒன்றையே பாவனைக்குக் கொள்ளல் நன்று. பகலிலும் சில வேளைகளில் நின்று, எழுத்தொன்றை இருமுறை படித்து மாறுகின்றதா எனப் பார்த்து, "இது நனவா?" எனக் கருத்தோடு வினவுதல் வேண்டும். வாயளவில் வினவின் கனவிலும் வாயளவிலேயே வினவி ஏமாறுவோம்.

உறக்கத்தை இடையில் முறிப்பது இம்முறையின் குறை. பரீட்சை அண்மிய மாணாக்கர் இதனைத் தொடுதலாகாது. கற்றது உள்ளத்திற் பதிதற்கு உறக்கம் இன்றியமையாதது. விழித்தபோது உடல் அசையாது மார்பு அமுங்குவதுபோற் சிலர்க்குத் தோன்றலாம். பேய் அமுக்குகின்றது என ஊரார் கூறுவது இதனையே. விழியசையுறக்கத்துத் தசைச்சோர்வு விழிப்பின்பின்னும் சிறிது நீடித்தலே அதன் காரணம். அஞ்சவேண்டியதில்லை, சில கணங்களில் நீங்கும். நனவையும் தோற்றத்தையும் பிரித்தறிதலில் இடர்ப்படும் மனநோயுடையார் இதனை மேற்கொள்ளலாகாது. கொடிய துர்க்கனவுடையார் மருத்துவரின் துணையோடு செய்தலே தக்கது.

மறதி மிக்க இடம் கனவு. அங்கும் ஒரு முடிச்சு அவிழாது நிற்குமாயின், அதனை இட்ட நனவின் கவனம் எத்துணைக் கூரியதாயிருந்திருத்தல் வேண்டும்! தெளிவுக் கனவு எல்லார்க்கும் வாய்க்காது. ஆயின் அதற்காகப் பகலிலே நின்று, காண்பதைக் கருத்தோடு கண்டு, இது நனவா என வினவிப் பழகியவன், கனவில் விழித்தானோ இல்லையோ, நனவில் முன்னையினும் சிறிது விழித்தவனாவான். அப்பயன் எல்லார்க்கும் எளிதிற் கிட்டுவது.